பொன்னுரங்கத்தின் சட்டையில் ரத்தம்

இராயபுரம்,
8-7-1956

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மாவுக்கு இப்போது தூக்கம் வருகிறதா? நான் சுகம்.

சிறுவர் கோர்ட்டில் என்னிடம் ஒப்படைத்த முதல் பையன் பொன்னுரங்கம் ஞாபகமிருக்கிறதா? பதினைந்து வயதில் துடுப்பால் ஒருவர் மண்டையை உடைத்தவன். இரண்டு வருஷம் வாராவாரம் உட்காரவைத்துப் பேசினேன். அது முடிந்தே ஆறு வருஷமாகிறது. இன்றுவரை அவன் யார்மேலும் கைவைத்ததில்லை. போலீஸ் நம்பினால்தானே?

போன வாரம் மீன் ஏலத்தில் அடிதடி. அடிபட்டவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் பொன்னுரங்கம். சட்டையில் ரத்தத்தைப் பார்த்து அவனையே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். நான் போய்க் கேட்டால், "உங்க பேச்சு வைத்தியம் எத்தனை நாளைக்கும்மா தாங்கும்?" என்று சிரிக்கிறார் இன்ஸ்பெக்டர். மறுநாள் அடிபட்டவர் கண்விழித்து உண்மையைச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

வெளியே வந்ததும் அவன்மேல்தான் எரிந்து விழுந்தேன். "நீ அடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்வதற்கென்ன?"

"கோவம் வந்தா பேசாத, மூச்சை எண்ணுன்னு நீதாம்மா சொன்ன. ராவு பூரா எண்ணிக்கினே இருந்தேன்."

இவனை என்ன செய்வது, சொல்லுங்கள். நானும் வீடு வரைக்கும் எண்ணிப் பார்த்தேன், கோபம் அடங்கவில்லை.

கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலை ஒன்றும் வேண்டும். துவைக்காமலே அனுப்பச் சொல்லுங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகள்,
தங்கபுஷ்பம்