பிடிமண்ணுக்கு வரி

தாகேதா, யாங்கோன்
ஆடி மாதம், புதன்கிழமை

மதிப்பிற்குரிய பெரிய அத்தான் அவர்களுக்கு,

ராணி வணங்கி எழுதுவது. முத்தாலம்மன் காவலில் நானும் உங்கள் தம்பியும் இருக்கிறோம். அங்கே அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? அவருக்கென்று இங்கே கிடைக்கும் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சென்னைக்கு வருகிற ஷம்சுதீன் பாய் கடிதத்தோடு கொண்டுவந்து சேர்ப்பார். போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். சில விஷயங்களை இப்போது இங்கிருந்து போனில் பேசுவதில்லை.

ஊர்க்கோயில் குடமுழுக்குக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு நீங்கள் அனுப்பிய குரல் பதிவை உங்கள் தம்பி திரும்பத் திரும்பக் கேட்டார். "வெளிநாட்டுப் புள்ளிக்கெல்லாம் ஒரே வரிதான். சிங்கப்பூர்க்காரன் வாயைத் தொறக்காமக் கட்டிட்டான், ரங்கூன்காரனுக்கு மட்டும் என்ன வலிக்குது? வரி வராம இந்த வருஷம் உங்களுக்குப் பூப் போட மாட்டோம்" என்று சொல்லியிருந்தீர்கள்.

அந்தக் காலத்தில் இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த நம் ஊர்க்காரர் ஒருவர் ஊர்க்கோயிலிலிருந்து மடியில் முடிந்துகொண்டு வந்த பிடிமண்ணில் எழுந்தது எங்கள் கோயில். அதனால்தான் அங்கே அம்மன் முன்னால் பூப் போட்டுக் கேட்டு, வெள்ளைப் பூ வந்தது என்று நீங்கள் சொன்ன பிறகே இங்கே காப்புக் கட்டித் திருவிழா தொடங்குகிறோம். அந்தக் கட்டுப்பாட்டை இதுவரை யாரும் சுமையாக நினைத்ததில்லை.

இந்த வருஷம் எங்கள் மகன் கார்த்திகேசனையும் தனித் தலைக்கட்டாகச் சேர்த்திருக்கிறீர்கள். தாய்லாந்தில் சம்பாதிக்கிறான் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. கல்யாணம் ஆகாத பிள்ளை எப்படித் தலைக்கட்டு ஆவான்? அவன் சம்பாதிக்கவும் போகவில்லை, அத்தான். பட்டாளத்துக்கென்று எங்கள் பேட்டையில் வயதுப் பிள்ளைகளின் பெயரைக் குலுக்கி எடுத்தார்கள். அவன் பெயர் வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல மொஹிங்கா சாப்பிட்டான், மாற்று லுங்கி ஒன்றை எடுத்துக்கொண்டான், போய்விட்டான். எல்லையைத் தாண்டிவிட்டதாக மாசியில் ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இந்த ஆடியில் அவனுக்காகத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். திருவிழா நடக்காவிட்டால் சட்டியை எங்கே எடுப்பேன்? எழுதிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

இங்கே கோயில் வரவு செலவு எழுதுகிறவள் நான். புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போன வருஷம் ஊரிலிருந்து வரவு என்று எழுத ஒன்றும் இருக்கவில்லை. நோய்க் காலத்திலும் அப்படித்தான். குற்றமாகச் சொல்லவில்லை, உங்களுக்கும் அப்போது கஷ்டம் இருந்திருக்கும். ஆனால் கூட்டம் போட்ட அன்று ஒரு போன் போட்டு, உங்களால் எவ்வளவு முடியும் என்று கேட்டிருக்கலாம் அல்லவா? எங்கள் கியாட்டை ரூபாயாக மாற்றினால் என்ன மிஞ்சும் என்று சிங்கப்பூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? இங்கே பேட்டை அலுவலக ஆட்கள் வந்து, பட்டாளத்துக்குக் கொடுக்கப் பிள்ளை இல்லாத வீடு என்று பணம் கேட்கிறார்கள். அங்கிருந்து நீங்கள், பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற வீடு என்று கேட்கிறீர்கள். இரண்டு பக்கமும் தொகை போட்டது எங்களைக் கேட்காமல்தான்.

உங்கள் தம்பி பயந்த சுபாவம் என்பது உங்களுக்குத் தெரியும். "அம்மன் குத்தம் வந்துறப் போகுது. உன் செயினை வித்துக் கட்டிருவோம்" என்றார். "வித்துக் கட்டினா அம்மன் சந்தோசப்படுவாளா, உங்க அண்ணன் சந்தோசப்படுவாரா?" என்று கேட்டுவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு லான்மடாவில் இருக்கும் கடைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை, காப்புக் கட்டுகிற நாள். மஞ்சள் நூலை நனைத்து வைத்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் கோயிலில் உங்கள் போனுக்காகக் காத்திருந்தோம். பொழுது சாய்ந்தது. எங்கள் தெருக் கனகாம்பாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி ராணி, அங்கேருந்து சிக்னல் வந்தாத்தான் நம்ம அம்மன் கண்ணைத் தொறப்பாளாக்கும்? நாம அழுததெல்லாம் இவ காதுல விழலையா? நாமளே பூப் போட்டுப் பாப்போம், வாங்கடி" என்றார்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டார்கள். என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள். கை போகவில்லை, அத்தான். சிவப்பு வந்தால், இந்த வருஷம் திருவிழா இல்லை என்று மற்றவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் பிள்ளை விஷயத்தில் நான் அதை என்னவென்று எடுத்துக்கொள்வேன்?

இரண்டு மடிப்பையும் பிரிக்காமலே ஓரமாக நகர்த்தி வைத்தேன். நூலை எடுத்து என் கையில் நானே கட்டிக்கொண்டேன். ஊரைக் கேட்கவில்லை, பூவையும் கேட்கவில்லை. பிறகு கனகாம்பாள் அக்காவின் மருமகள் ரேவதி தன் கையை நீட்டினாள். கடையிலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உங்கள் தம்பி, "கட்டிட்டியா?" என்று மட்டும் கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவரும் கையை நீட்டினார்.

ஆகையால் வரி கட்டப் போவதில்லை. பாய் கொடுக்கிற தொகை இங்குள்ள வீடுகள் மனதாரப் போட்டது. அதைக் காணிக்கை என்றே எழுதுங்கள், வரியில் வரவு வைக்க வேண்டாம். அதற்காக எங்கள் புள்ளியை ஊர்ப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தால் செய்யட்டும். கார்த்திகேசன் பெயரை மட்டும் எந்த வரியிலும் சேர்க்க வேண்டாம், ஒலிபெருக்கியில் வாசிக்கவும் வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான் என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். எங்களுக்கும் தெரியாது.

வருகிற செவ்வாய் மாலை நான் சட்டி எடுக்கிறேன். அந்த நேரம் நீங்கள் அம்மன் சந்நிதியில்தான் நிற்பீர்கள். என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், அந்தப் பிள்ளை எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அத்தான். அதற்கு மட்டும் எங்களிடம் எதுவும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
ராணி