மூணாறு போய்ச் சிரித்தது

அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தேயிலைப் பொட்டலத்தை இன்று காலையில் பிரித்தேன். வாசம் அடுப்படியைத் தாண்டி வாசல்வரை போய்விட்டது. ஓடிப்போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தேன். யார் வரப்போகிறார்கள்? ஒருவரும் இல்லை. ஆனாலும் திருடிக்கொண்டு வந்த பண்டம் போலப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஆமாங்க, மூணாறு போய் வந்தேன். நீங்கள் கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் மலை ஏறிவிட்டேன்.

மதுரை தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வாழ்நாளெல்லாம் டீ ஆற்றிய மனுஷன் நீங்கள். ஒரு தேயிலைச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. மகளைத் தேனியில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நானும் கேட்டுப் பார்த்தேன், அங்கிருந்து கிட்டத்தானே, ஒரு தடவை போய்வரலாம் என்று. டீத்தூள் வரும் மூட்டையில் பச்சையாக ஒரு மலை அச்சடித்திருக்கும். அதை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவீர்கள். "இந்தா பாத்துக்க, மூணாறு. பஸ் சார்ஜு மிச்சம்." நான் முறைத்தால், "ஒருநா கடையச் சாத்துனா வக்கீலு, குமாஸ்தா அம்புட்டுப் பேரும் எதுத்த கடைக்கு மாறிருவாங்க புள்ள" என்று சமாதானம் சொல்வீர்கள். கல்யாணத்துக்கும் எழவுக்கும் தவிர நாம் இரண்டு பேரும் சேர்ந்து எங்கே போயிருக்கிறோம், சொல்லுங்கள்.

துஷ்டி நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அது மலைக்கோயிலுக்குத்தானே, தேயிலைத் தோட்டத்துக்கு என்ன வந்தது என்று மகள் கேட்டாள். கிடைத்தது சாக்கு என்று நானும் தலையாட்டிவிட்டேன். எழுமலை ஊரில் இருக்கும் உங்கள் தங்கச்சி பஞ்சவர்ணத்திடம், "தேனிக்கு மக வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போதே, மலைக்கு எந்தச் சேலையைக் கட்டலாம் என்று உள்ளே ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் காரில் போடிமெட்டு ஏறும்போது காது அடைத்துக்கொண்டது. மூணாறில் மகளுடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தோட்டத்துச் சரிவில் நடந்தேன். எதிரில் வரும் ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. ஈரப் புல்லில் கால் வழுக்கி, சேற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். தூக்கிவிட வந்த மகளும் என் மேலேயே விழுந்தாள். அம்மாவும் மகளுமாக எழுந்திருக்க முடியாமல் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாப்பிள்ளை போனில் போட்டோ எடுத்தார்.

அங்கே ஒரு கடையில் பால் ஊற்றாத டீ கொடுத்தார்கள். பாலில்லாத டீயை நீங்கள் கழனித்தண்ணி என்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வாயில் வைத்தேன். சொல்லக் கூசுகிறது. நன்றாக இருந்தது. உங்கள் டீயைவிட நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் போட்டோவை மாப்பிள்ளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார், மகராசன். மகள் என்னை மதுரையில் கொண்டுவந்து விட்ட அன்றைக்கே பஞ்சவர்ணம் பஸ் ஏறி வந்துவிட்டாள். துணைக்குப் பங்காளி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர்.

"வருசம் திரும்பல மதினி. அதுக்குள்ள மலை ஏறிப் பல்லக் காட்டிக்கிட்டு இருக்கீகளே, எங்கண்ணன் ஒங்களுக்கு என்ன கொற வச்சாரு?"

நான் பதில் தேடுவதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அத்தை, அம்மாவ நாந்தான் வம்பா இழுத்துட்டுப் போனேன். போன எடத்துலயும் அப்பாவ நெனச்சு அழுதுக்கிட்டேதான் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருதான் சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தாக."

அவ்வளவுதான். பஞ்சவர்ணம் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எந் தங்க மதினி, தெரியாமப் பேசிட்டேன்" என்று விம்மினாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லைங்க. ச்சீ, என்ன பொம்பளை நான்! உங்கள் பேரைச் சொல்லிப் பொய்யாக அழுது, அந்தப் பிள்ளையிடம் பரிதாபம் வாங்கிக்கொண்டேனே. மலை ஏறியதைக்கூட மறந்துவிடுவேன், இதை எப்படி மறப்பது?

இன்றைக்குப் பொறுக்க முடியாமல் அவளுக்குப் போன் போட்டேன். "நான் அங்க அழுகல பஞ்சவர்ணம். நல்லாச் சிரிச்சேன். சந்தோசமா இருந்தேன். மக சொன்னது பொய்யி."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "அழுததாவே இருந்துட்டுப் போயிருக்கலாம்ல மதினி."

போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கெஞ்சினாள். அண்ணனை நினைத்து அண்ணன் பொண்டாட்டி மலையில் நின்று அழுதாள் என்பது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கிறது! அதையும் பிடுங்கிக்கொண்டேன்.

அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து காரில் இறங்கி வரும்போது கீழே போடிப் பக்கத்து வயல்கள் தெரிய ஆரம்பித்தன. வழுக்கி விழுந்தது, மூடுபனி, அந்த டீ என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வந்தேன். எதை முதலில் சொல்லலாம், எதைச் சொல்லி உங்களைச் சீண்டலாம் என்று. அப்படியே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "உங்கப்பாகிட்ட இத இன்னைக்கே சொல்லணும்டி. நம்பவே மாட்டாரு, பாரு."

மாப்பிள்ளை பாட்டை நிறுத்தினார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்குப் பூராவும் நீங்கள் உயிரோடு கடையில் நின்றுகொண்டிருந்தீர்கள் எனக்கு. அந்தத் தைரியத்தில்தான் அப்படிச் சிரித்திருக்கிறேன். புருஷன் செத்துப்போனதையே மறந்த பொம்பளை எங்கேயாவது உண்டா? இதைப் போய் உங்கள் தங்கச்சியிடம் எந்த வாயால் சொல்வேன்? அந்தக் காரிலாவது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லைங்க. பெற்ற மகளுக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை.