கேட்கவில்லை என்றும் எழுதலாம்

ஜூன் 9, செவ்வாய்

குட்டி தூங்கிவிட்டாள். இன்றைக்கு வகுப்பு எடுத்தேன் என்று சொல்லலாமா, தெரியவில்லை.

கல்லூரியை மூடி மூன்று மாதம் ஆகிறது. தொற்று குறைவதாக இல்லை. முதல்வர் மேடம் போனில் சொல்லிவிட்டார்: "ப்ராக்டிகலையும் ஆன்லைன்லயே முடிச்சிடுங்க. எப்படியாவது." எப்படியாவது என்றால் எப்படி? நர்சிங் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பிரஷர் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். கருவியைக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்துவிட்டேன். கைக்கு எங்கே போவது? இவர் விடிந்ததும் மருந்துக் கிடங்குக்குக் கிளம்பிவிடுகிறார். குட்டியின் கை என் கட்டைவிரல் தடிமன்.

கடைசியில் மாமாவிடம் கேட்டேன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார், கூடவே இருக்கிறார், வெளியே போகவும் வழியில்லை.

"ஸ்டியரிங் பிடிச்ச கைம்மா இது. சும்மா நீட்ட முடியாது. வாடகை என்ன?"

"சாயங்காலம் ஒரு டீ அதிகம்."

"சரி, டிக்கெட்டைக் கிழி."

சாப்பாட்டு மேசையில் கையை நீட்டி உட்கார்ந்தார். முப்பது பிள்ளைகள். முப்பது கறுப்புக் கட்டங்கள். நான் பேசினேன், பட்டையைச் சுற்றினேன், காற்றடித்தேன். புரிந்ததா என்றேன். புரிந்தது என்றார்கள்.

ஜூலை 1, புதன்

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்! கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

பிரஷர் என்பது பார்க்கிற வேலையே இல்லை, கேட்கிற வேலை. காற்றைச் சிறிது சிறிதாக விடும்போது டப், டப் என்ற சத்தம் எந்த எண்ணில் தொடங்குகிறது, எந்த எண்ணில் நிற்கிறது, அவ்வளவுதான். அதைப் போனில் எப்படிக் கேட்க வைப்பது? ஸ்டெதஸ்கோப்பின் ஒரு குழாய் என் காதில், இன்னொன்று போனின் மைக்கில். மறுமுனையில் சத்தம் வாங்கும் வட்டத்தை மாமாவின் கைப்பட்டை விளிம்பில் செருகிவிட்டேன். இடது கை போனுக்கு, வலது கை ரப்பர் பந்துக்கு.

முதலில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். நாடி மறையும் எண்ணுக்கு மேல் இன்னும் முப்பது ஏற்றிவிட்டு அப்புறம்தான் கேட்கவே தொடங்க வேண்டும். அதற்கு மூன்றாவது கை வேண்டுமே! அந்த ஒரு படியை வாயால் சொல்லிவிட்டு நூற்றைம்பது வரை ஏற்றினேன். அதற்கே மாமா, "போதும்மா, இறுக்குது" என்றார்.

"சத்தம் கேட்குதா?"

"கேக்குது மேடம்." "க்ளியரா கேக்குது மேடம்."

நூற்று முப்பத்தாறு, எண்பத்திரண்டு. மாமாவின் வயதுக்கு ஜம்மென்று இருக்கிறது.

ஆகஸ்ட் 17, திங்கள்

மேல்மாடிக்காரரை இன்று காலை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அவர் மனைவி படியிலேயே நின்றுவிட்டார். நான் கதவைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. திறக்கவே இல்லை.

இவர் வந்ததும் குளியலறைக்கு ஓடுகிறார். ஒரு மாதமாகக் கூடத்தில் படுக்கிறார். குட்டி "ப்பா, ப்பா" என்று கதவைத் தட்டுகிறாள். பால் குடிக்க வந்தவளைத் தள்ளி நிறுத்திட்டு கையைத் திரும்பவும் கழுவுறேன் - கழுவின கையைத்தான். எனக்கு ஏதாவது ஆனா இவளை யாரு பார்ப்பா? இவளுக்கே ஏதாவது ஆனா?

வகுப்பு எடுத்தேன்.

நவம்பர் 5, வியாழன்

ஒரு பிள்ளைக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மழையோ வெயிலோ மொட்டைமாடியில் உட்கார்ந்துதான் வகுப்பு. எப்போது பேசினாலும் பின்னால் காற்று வீசும். மாமா அவளுக்கு மொட்டைமாடி என்றே பெயர் வைத்துவிட்டார். "மொட்டைமாடி வந்தாச்சா? அப்ப வண்டியை எடு."

பிப்ரவரி 3, புதன்

மாமாவுக்குக் காலையில் தலை பாரமாக இருக்கிறதாம். வகுப்பில் பார்த்தது வழக்கம்போல நூற்று முப்பத்தாறு. தூக்கம் சரியில்லை போலிருக்கிறது. மதியம் ஒழுங்காகப் படுங்கள் என்றேன்.

செப்டம்பர் 6, திங்கள்

கல்லூரி திறந்தது.

மாமாவும் இவரும் நானும் ஊசி போட்டாகிவிட்டது. ஆனாலும் கிளம்பும்போது முகக்கவசத்துக்கு மேல் இன்னொன்று போட்டுக்கொண்டேன். குட்டி காலைக் கட்டிக்கொண்டாள். "வாசல்ல நிக்காதே, நின்னா அவ இன்னும் அழுவா. ரைட், ரைட்!" என்று மாமா என்னை விரட்டினார்.

முகக்கவசத்துக்கு மேலே முப்பது ஜோடிக் கண்கள். குரலை வைத்துத்தான் யார் யாரென்று கண்டுபிடித்தேன். அவர்கள் முதலில் கேட்டது மாமாவைத்தான். "தாத்தா கை எப்படி இருக்கு மேடம்?"

மொட்டைமாடி இத்தனை குள்ளமாக இருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

செப்டம்பர் 7, செவ்வாய்

ஏதோ சரியில்லை.

ஒருவருக்கொருவர் பிரஷர் பார்க்கச் சொன்னேன். பட்டையை அழகாகச் சுற்றினார்கள். ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் தலையாட்டத் தொடங்கினார்கள். எல்லோருமே! ஒரே தாளத்தில், லேசாக, கண்ணை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு. ஒருத்தி காற்றை முழுதாக விடுவதற்கு முன்பே எண்ணை எழுதி முடித்துவிட்டாள்.

பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் நூற்று முப்பதுக்கு மேல். மாமாவின் எண்.

செப்டம்பர் 8, புதன்

செய்யலாமா என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். ஸ்டெதஸ்கோப்பின் தலைக்கு இரண்டு பக்கம் உண்டு. அதைத் திருப்பிவிட்டால் தட்டையான பக்கம் அடைத்துக்கொள்ளும், சத்தம் வராது. எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டு, பார்த்து எழுதுங்கள் என்றேன்.

தலையாட்டினார்கள். பத்தொன்பது வயதுக்கு நூற்று முப்பது அதிகம் என்று நேற்று சொல்லியிருந்தேன்; எண்கள் இன்று இறங்கியிருந்தன. நூற்று இருபது, எண்பது. நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. நூற்று முப்பது, எண்பது.

ஒரே ஒரு தாளில் மட்டும், "கேட்கவில்லை."

மொட்டைமாடி. நான் தாளைக் கையில் எடுத்ததுமே அழத் தொடங்கிவிட்டாள். "எனக்கு எப்பவுமே கேட்டதில்ல மேடம். காத்து சத்தத்துலதான் கேக்கலன்னு நெனச்சேன். மத்தவங்களுக்கெல்லாம் கேட்டுச்சே."

பிறகு ஜன்னலோரத்துக்காரி மெதுவாக, "எனக்கும் கேட்டதில்ல மேடம்." அவள் பக்கத்தில் இருந்தவள், "ஏய், நீ க்ளியரா கேக்குதுன்னு சொன்னியே!" "நீ மட்டும்? நீ சொன்னதால நானும் சொன்னேன்."

என் போன்தான் மட்டம், என் காதுதான் மந்தம் - ஒவ்வொருத்தியும் இப்படியே நினைத்திருக்கிறாள். ஒரு வருடத்துக்கும் மேலாக.

வீட்டுக்கு வந்து பழைய வகுப்பு ஒன்றின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். திரையில் நான். காதில் குழாய். டப் சத்தம் ஒன்றுகூட இல்லை. பின்னால் குட்டி அழுதிருக்க வேண்டும், அதுவும் இல்லை. பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வகுப்பு நடத்திய வீடியோ ஆப் வடிகட்டி எறிந்திருக்கிறது. அந்த நிசப்தத்தில் நான் தலையாட்டுகிறேன். லேசாக, கண்ணை ஒரு பக்கம் சாய்த்து, தாளம் தவறாமல்.

நான் சொல்லித்தந்ததை அப்படியே படித்திருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல?

செப்டம்பர் 9, வியாழன்

திங்கட்கிழமை இவர்களை வார்டுக்கு அனுப்புவதாகத் திட்டம். மருத்துவமனையில் ஆள் இல்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதல்வர் மேடத்திடம் போய், இப்போது அனுப்ப முடியாது என்றேன்.

"வார்டுல மெஷின் இருக்கே. பட்டனை அமுக்கினா நம்பர் வருது."

"நாடி பலவீனமா இருந்தா மெஷின் நம்பருக்குப் பதிலா வெறும் கோடு போட்டுக் காட்டும் மேடம். அப்ப கையால பார்க்கணும். இந்தப் பிள்ளைங்க கேக்காமலே ஒரு நம்பர் எழுதுவாங்க. அழகா எழுதுவாங்க."

"போன வருஷம் எல்லாருக்கும் தேறிட்டாங்கன்னு போட்டது யாரு?"

"நான்தான்."

என் வேலை நிரந்தரமில்லை. வருடா வருடம் நீட்டிப்பு. அவர் பேனாவை மூடினார், திறந்தார். "ஒரு வாரம் தர்றேன். அதுக்கு மேல என்கிட்ட வராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். "நீட்டிப்பு கிடைக்கலன்னா பார்த்துக்கலாம். அந்தப் பிள்ளைங்க நாளைக்கு நம்ம குட்டிக்குப் பார்க்க மாட்டாங்களா?" என்றார். அதைக் கேட்டு இன்னும் பயமாகிவிட்டது.

செப்டம்பர் 14, செவ்வாய்

கரும்பலகையில் முதல் நாளே எழுதிவிட்டேன்: கேட்காவிட்டால், கேட்கவில்லை என்று எழுதலாம். மதிப்பெண் குறையாது.

நேற்று பதினாறு பேர் அப்படி எழுதினார்கள். இன்று ஒன்பது. மணிக்கட்டைப் பிடிப்பது, ஏற்றுவது, கேட்பது - எல்லாம் அடியிலிருந்து. காவலாளி, அலுவலக எழுத்தர், கேன்டீன் அக்கா, யாரையும் விடவில்லை. "ஒரு டீ போட்டுட்டு வர்றதுக்குள்ள நாலு பேரு கையைக் கேக்குறாங்க!" என்று கேன்டீன் அக்கா அலுத்துக்கொண்டார்.

மாமா தானும் வருவதாக அடம். "என் கையை வெச்சுத்தானே படிச்சாங்க? நேர்ல பார்க்க வேண்டாமா?" எனக்கு விருப்பமில்லை. கூட்டம், மூடின அறை. அவரா கேட்பார்?

செப்டம்பர் 15, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மாமா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இரண்டு முகக்கவசம். "தாத்தா!" என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "தாத்தாவா? அங்கிள்னு கூப்பிடுங்க, கையை நீட்டுறேன்."

முதலில் மொட்டைமாடி. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காற்றடித்தாள். நூற்றைம்பது. நூற்று அறுபது. அவள் நிறுத்தவில்லை.

"அம்மாடி, டயர் வெடிச்சிரும்!"

"நாடி இன்னும் துடிக்குது தாத்தா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

நூற்றெழுபது. நூற்றெண்பது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நாடி மறைந்த பிறகு இன்னும் முப்பது ஏற்றி, குழாயைக் காதில் வைத்து, காற்றை விட்டாள். தலை ஆடவில்லை. ரொம்ப நேரம் எழுதாமல் நின்றாள்.

"நான் தப்பா பார்த்திருப்பேன் மேடம். நூத்தி எண்பத்தி நாலுல கேட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு. ஒண்ணுமே இல்ல. திரும்பவும் நூத்தி முப்பத்தாறுல வந்துச்சு."

நான் பார்த்தேன். நூற்று எண்பத்தாறு. நடுவில் நிசப்தம். மறுபடி நூற்று முப்பத்தாறில் டப், டப்.

சிலருக்குப் பிரஷர் கூடினால் சத்தம் இப்படி நடுவில் காணாமல் போகும். பாடத்தில் இருக்கிறது. நானே தேர்வில் கேள்வி கேட்டிருக்கிறேன். அதற்காகத்தான் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்வது. நான் ஒவ்வொரு முறையும் நூற்றைம்பதில் நின்று, அந்த நிசப்தத்துக்கு நடுவிலிருந்து கேட்க ஆரம்பிச்சிருக்கேன். தலை பாரம்னு சொன்னாரே. படுங்கன்னு சொன்னேனே! என் வீட்டு மேசையில, என் கண்ணு முன்னால நீட்டின கை.

மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னார்: "பார்த்தீங்களா, வண்டி ஓவர் ஸ்பீடு. மேடம் இப்ப ஃபைன் போடப்போறாங்க."

நேரே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

செப்டம்பர் 16, வியாழன்

காலையில் ஒரு மாத்திரை, உப்பு பாதி. இதயத்தில் ஒன்றும் ஆகவில்லையாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பக்கவாதத்தில் முடிந்திருக்கலாம் என்றார் டாக்டர். இவர் இரவெல்லாம் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 17, வெள்ளி

"கேட்கவில்லை" இன்று இரண்டு தாளில்தான். அந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு மாலை வரை இருந்தேன். திங்கட்கிழமை எல்லோரும் வார்டுக்கு.

அக்டோபர் 4, திங்கள்

வார்டில் மொட்டைமாடியைப் பார்த்தேன். முதல் வாரமே ஒரு நோயாளிக்கு மெஷின் கோடு காட்டியதாம். கையால் பார்த்திருக்கிறாள், கேட்கவில்லை, அப்படியே எழுதியும் வைத்துவிட்டாள்.

"சிஸ்டர் திட்டினாங்களா?"

"முதல்ல முறைச்சாங்க மேடம். அப்புறம் அவங்களே வந்து பார்த்தாங்க. அவங்களுக்கும் கேக்கல. உடனே டாக்டரைக் கூப்பிட்டாங்க." அந்த நோயாளி பிழைத்துக்கொண்டாராம். அதை ஏதோ சாதாரண விஷயம்போலச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

நீட்டிப்பு வந்துவிட்டது. ஒரு வருடம்.

அக்டோபர் 24, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் குட்டி என் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மாமாவின் கையில் வட்டத்தை வைத்தாள். குழாய் காதிலேயே இல்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினாள்.

"கேக்குது தாத்தா!"

"பொய்," என்றார் மாமா. அவள் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டார். "முதல்ல இங்க பிடி."