ராணி அக்காவின் பெயர்

நவம்பர் 9, ஞாயிறு

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ ஊர் மண்டபத்தில் இன்று என் பேச்சு. அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் செய்தித்தாள் அச்சடித்த பெண்களைப் பற்றி. அச்செழுத்துகளைக் கோத்தது பல நேரம் அவர்கள். தாளில் இருந்தது கணவன் பெயர். "கணவன் செத்த பிறகுதான் பலருக்குப் பேரே அச்சுல வந்துச்சு" என்றேன். கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் மாதப் பத்திரிகையின் ஆசிரியர் நோயில் விழுந்ததிலிருந்து அதை இன்னும் அவர் பெயரிலேயே தனியாகக் கொண்டுவருபவர் அவர் மனைவி ராணி அக்கா. மேடையிலிருந்தே கேட்டேன்: "அக்கா, உங்க பேரை எப்பப் போடப் போறீங்க?"

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த கணவர் சிரித்துக்கொண்டே முந்திக்கொண்டார். "அதுக்கென்ன, வாற மாசமே போடலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அக்கா மட்டும், "விசர்க் கதை கதையாதேங்கோ" என்று அந்தப் பைத்தியக்காரப் பேச்சைத் தடுத்து அவர் வாயைப் பொத்தினார். அப்போதுதான் நான் கேட்டது எனக்கே கேட்டது: 'உங்கள் கணவர் எப்போது சாவார்?'

கிளம்பும்போது அக்கா வடை கட்டிக் கொடுத்தார். பொட்டலம் இன்னும் காரிலேயே கிடக்கிறது. எடுத்துவர மனம் வரவில்லை.