எதிர்த்தரப்பின் நியாயம்

செவ்வாய், இரவு.

இன்று சட்டக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் பயிற்சி. வாடகைத் தகராறு ஒன்றில் வீட்டுக்காரருக்காக நானும் வகுப்புத்தோழி ஜென்சியும் வாதாட வேண்டும். எதிர்த்தரப்பு மாணவன் பேசி முடித்ததும் நான் எழுந்து, "அவர் சொல்வது நியாயம்தான்" என்றேன். வேலையில் இருந்தவரை அலுவலகக் கோப்புகளில் இரு தரப்பு நியாயத்தையும் எழுதியே பழகியவன் நான். வகுப்பே சிரித்தது. நீதிபதியாக இருந்த பேராசிரியர் அதோடு வழக்கை முடித்துவிட்டார்.

பெருங்களத்தூர் பேருந்து நிறுத்தத்தில் ஜென்சி பொரிந்து தள்ளினாள். "இன்னா சார், நம்ம கட்சிக்காரரையே கவுத்துட்டீங்க! அவன் சொன்னது கரெக்டாவே இருக்கட்டும். அத நீங்களா சொல்லணும்?"

அவள் சொன்னதும் நியாயமாகவே பட்டது. அதுதான் கவலை. ஓய்வுபெற்ற பிறகு வக்கீலாக நினைத்தது என் தகுதிக்கு மீறிய ஆசையோ என்னவோ.

சாப்பிடும்போது மனைவி கமலாவிடம், படிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

"நிறுத்திடுங்க. இந்த வயசுல எதுக்கு இந்த அலைச்சல்?" என்றாள், மோரை ஊற்றிக்கொண்டே.

முடியாது என்றேன். ஒரு காரணம் சொன்னேன். அவள் மறுத்தாள். இன்னொன்று சொன்னேன். கையில் மோர்சாதம் காய்ந்துபோகும்வரை பேசினேன். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. கடைசிவரை அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.