துளிர் என்று நினைத்தது

ஆனி கடைசி வெள்ளி, இரவு

காலையில் வண்டிக்காரம்மா "சிந்த சிகுரு" என்று கூவிக்கொண்டு வந்தாள். புளியந்துளிருக்கு இங்கே தெலுங்கில் அதுதான் பேர். வாங்கிவந்து ஆய்ந்துகொண்டே மகள் செல்வியைக் கேட்டேன். "ஆபரேஷன்ல அப்பா நுரையீரல் ஓட்டைக்கு டாக்டர் சிகுரு வச்சதாச் சொன்னாரே, அது ஏன்டி துளிர்க்கல?"

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு முதன்முதலாகச் செல்விக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகம் மாறிவிட்டது. "அம்மா, டாக்டர் சொன்னது ஜிகுரு. பசைம்மா. காத்து கசியாம ஒட்டுற பசை."

ஒட்டினது ஏன் நிற்கவில்லை என்றேன். மூச்சு விடும்போதெல்லாம் நுரையீரல் விரிந்து சுருங்குமாம். அதோடு சேர்ந்து இழுபடாமல் பசை விட்டுவிட்டதாம். கூடவே விரிகிற, உடம்பைக் கெடுக்காத பசையை இப்போதுதான் செய்து பார்க்கிறார்களாம். "வர்றதுக்கு வருஷமாகும்மா" என்றாள். வரட்டும். இந்த வீட்டுக்கு இனி எதற்கு?

ஆய்ந்த துளிர் முறத்திலேயே வாடிக் கிடக்கிறது. சமைக்கவும் மனசில்லை, கொட்டவும் மனசில்லை.

ஆஸ்பத்திரியில் தினமும் அவர் காதில் சொல்வேன், "துளிர் வச்சிருக்காங்க, வேர் பிடிச்சுடும், பொறுத்துக்கங்க." அவரும் தலையாட்டுவார். ஒருநாள், "எத்தனை இலை விட்டிருக்கு?" என்று கேட்டார். சிரிக்கப் போய் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

தெலுங்கு தெரியாதவள் நான்தான். அவர் குஷாய்குடா பட்டறையில் இத்தனை வருஷமாகத் தெலுங்கிலேயே பேசி வேலை பார்த்தவர். ஜிகுரு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா?