வலது காது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம், என் மாடிப்படிகளும் நலம். அங்கே நீயும் அப்பாவும் அப்பாவின் மேஜை மணியும் எப்படி? போனில் பேசலாம் என்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நடுவில் புகுந்து தீர்ப்பு வழங்குகிறார். ஆகவே கடிதம்.

அடுத்த மாதம் இந்த நகரத்தில் ஜாஸ் வாரம். நீ வருகிறாய். திட்டம் தயார். வியாழன், செருப்புக் கடைக்குக் கீழே நிலவறையில் ஒரு நால்வர் குழு. வெள்ளி, பழைய சினிமா தியேட்டரில் பெரிய குழு. அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து ஊதினால் முன்வரிசைக்காரர்களுக்குத் தலை கலைந்துவிடும் என்பதால் நமக்கு ஐந்தாவது வரிசை. சனி, ஒரு ஹோட்டலில் யார் வேண்டுமானாலும் மேடையேறி வாசிக்கலாம். பகல் முழுவதும் தூக்கம்.

ஒரே ஒரு விதி. முதல் செட்டோடு, அதாவது இடைவேளையோடு, எழுந்து வரக்கூடாது. முதல் செட், டிக்கெட் வாங்கியவர்களுக்காக வாசிப்பது. இடைவேளையில் பாதிக் கூட்டம் கலைந்த பிறகு, இரண்டாவது செட்டைக் குழுவினர் தங்களுக்காக வாசிப்பார்கள். அதுதான் ஜாஸ். விஷயம் தெரிந்த நாங்கள் முதல் செட்டைப் பொறுத்துக்கொள்வதே அதற்காகத்தான்.

நான் அனுப்பிய ஆல்பத்தைக் கேட்கிறாயா? மூன்றாவது பாட்டில் அந்தப் பியானோ! மழை விட்ட பிறகு தகரக் கூரை சொட்டுவது போல.

கலையுணர்வுடன்,
உன் தம்பி


மார்ச் 10

அன்புள்ள வித்வானுக்கு,

பள்ளி பேண்டின் ஊதுகுழலை நீ உடைத்த அன்று அப்பா கொடுத்த பட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. நேற்றும் "வித்வான் போன் பண்ணானா?" என்றுதான் கேட்டார்.

திட்டத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்தாவது வரிசையில் எனக்கு இடம் பிடித்த நீ, அப்பாவின் கட்டில் பக்கத்தில் என் இடம் யாருக்கு என்று எழுத மறந்துவிட்டாய். காலையில் நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போகும் நேரம் மட்டும் கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்து உட்காருகிறார். மதியம் நான் படியேறினால் அவர் படியிறங்குகிறார். எங்கள் சிநேகம் முழுக்க படிக்கட்டில்தான். நர்ஸ் வைக்கலாமே என்பாய். வைத்தோம். முதல் நர்ஸிடம் அப்பா பழைய இடத்து நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார். இரண்டாவது நர்ஸிடம், சூப் ஆறிப்போனதற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர் மேஜை மணியை மட்டும் கொண்டுவரவில்லை, ஆபீஸையே கொண்டுவந்துவிட்டார்.

ஆல்பத்தைத் தினமும் கேட்கிறேன். அந்த சாக்ஸபோன்காரர் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். மூன்றாவது பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசிக்கிறாரே, அது எவ்வளவு நேர்மை! அப்போது அந்தப் பெரிய தந்தி வாத்தியம் மட்டும் யாரோ வராந்தாவில் உலாத்துவது போல நடந்துகொண்டிருக்கும். அவர் யோசித்து முடிக்கும்வரை நானும் காத்திருப்பேன். நீ சொல்லும் பியானோ எது? வேறு ஆல்பமா?

மணி அடிக்கிறது.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அவர் யோசிக்கவில்லை! அந்த இடத்தில் பியானோ தனியாக வாசிக்கிறது. அந்தக் காலத்துப் பதிவுகளில் சாக்ஸபோனை இடது பக்கம் ஒதுக்கிவிடுவார்கள். பியானோவும் ட்ரம்ஸும் வலது பக்கம். உன் வலது இயர்போன் செத்துப்போயிருக்கிறது. பாதிக் குழுவோடு இத்தனை நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறாய்.

புது ஹெட்போன் அனுப்பியிருக்கிறேன். மாட்டினால் வெளிச்சத்தம் ஒரு பொட்டு கேட்காது. அப்பா விஷயத்துக்கு ஏதாவது வழி பிறக்கும். டிக்கெட் வாங்கிவிட்டேன்.

இசையில் இணைந்த,
உன் தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

வலது இயர்போன் சாகவில்லை. அதை நான் மாட்டுவதில்லை. என் கட்டிலுக்கு வலப்பக்கம் அப்பாவின் அறை. அந்தக் காது மணிக்கு.

ஹெட்போன் வந்தது. தனக்கு அனுப்பியதாக நினைத்து அப்பா மாட்டிக்கொண்டார். சற்று நேரம் கேட்டுவிட்டு, "எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்களே, மினிட்ஸ் யாரு எழுதுறது?" என்றார். பிறகு பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமல் சுகமாகத் தூங்கினார். மணி அடிக்கவே இல்லை. மணி அடிக்கவில்லையே என்று நான் எழுந்து எழுந்து போய் அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, எனக்கு வரவேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதினால் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். அந்தப் பியானோவை ஒரு மனிதர் உட்கார்ந்து வாசிக்க, நான் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த நான்கு நாள் நீ இங்கே வந்து இரு. உன் வீட்டுச் சாவியைக் கொடு. வழி கேட்டுப் போய்க்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆசை நியாயமானது. நடைமுறைதான் இடிக்கிறது. பக்கத்தில் ஒருவர் இருந்து விளக்காவிட்டால் உனக்கு என்ன புரியும்? எங்கே கைதட்டுவது என்றுகூடத் தெரியாது. தனி வாசிப்பு முடிந்ததும் தட்ட வேண்டும். அசந்து வேறு இடத்தில் தட்டினால் அறையே திரும்பிப் பார்க்கும். அதோடு அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க எனக்குப் பழக்கமில்லை. ஆபீஸிலும் அந்த வாரம் நெருக்கடி.

அடுத்த வருடமும் ஜாஸ் வாரம் உண்டு. அதற்குள் நிலைமை எப்படியும் மாறியிருக்கும்.

அன்பு மாறாத,
உன் தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

"அதற்குள் நிலைமை எப்படியும் மாறியிருக்கும்." இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அப்பாவுக்கு முகச்சவரம் செய்யப் போனேன். எனக்கும் அந்த நினைப்பு வந்ததுண்டு. அதனாலேயே உன் கையெழுத்தில் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சோப்பு போட்டுக்கொண்டே, "வித்வான் வர்றான்ப்பா, நாலு நாள்" என்றேன்.

"எதுக்கு?"

"உங்களப் பாக்கத்தான்."

முகத்தில் நுரையோடு கையை நீட்டி மணியை அடித்தார். நான் எதிரிலேயே நிற்கிறேன். "என்னப்பா வேணும்?" என்றால், "ஒண்ணுமில்ல. நல்ல சேதிக்கும் அடிக்கலாம்ல" என்கிறார்.

மற்றது உனக்கே தெரியும். அவர் போன் போட்டு "வர்றியாமேடா" என்றார், நீ "வராம இருப்பேனாப்பா" என்றாய். ஸ்பீக்கரில். தையல்காரம்மா சாட்சி.

வியாழன் காலை வண்டியில் வா. அது திரும்பும்போது நான் ஏறிக்கொள்கிறேன். சாவியைப் பிளாட்பாரத்தில் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிறு வந்துவிடுவேன்.

தூக்கும் முறை: அவர் கையை எடுத்து உன் கழுத்தில் போட்டுக்கொள். திட்ட ஆரம்பிப்பார். அப்போது தூக்கு. திட்டும்போது உடம்பு லேசாகிவிடுகிறது.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் எதுவுமே அடிப்பதில்லை. முதல் நாள் அதுவே பயமாக இருந்தது.

நிலவறைக்குப் போனேன். பியானோ இருக்கிறது. வாசிப்பவர் வயதானவர், இருமிக்கொண்டே வாசிக்கிறார், இருமலும் தாளத்தில் விழுகிறது. முதல் செட் முழுவதும் வலது காதை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பரிமாறுகிற பெண் வந்து, "யாராவது வரணுமா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது செட்டில் தலை நேரானது.

தப்பான இடத்தில் கைதட்டினேன். அறை திரும்பிப் பார்க்கவில்லை. பியானோக்காரர் மட்டும் பார்த்தார். தலையாட்டிவிட்டு அந்த இடத்தையே இன்னொரு முறை வாசித்தார்.

ஊர் திரும்ப எடுத்த இன்றைய ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அடுத்த டிக்கெட்டை எந்தத் தேதிக்கு வாங்குவது என்று யோசிக்கிறேன். முதல் செட்டோடு எழுந்து வரக்கூடாது என்பது உன் விதி. அப்பாவின் நீல மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. போன் செய்தால் எடுப்பதில்லை. என் வீட்டில் அப்படி ஒரு நிம்மதி இருப்பது எனக்கே தெரியாது. ஆபீஸுக்கு லீவை நீட்டித்து எழுதியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று அப்பாவிடமே கேட்டேன். "உண்மையப் போடாத, சாங்ஷன் ஆகாது" என்றார்.

"அவ எப்ப வருவா?" என்று கேட்கிறார். "ரெண்டாவது செட் முடியணும்ப்பா" என்றேன். "அது எவ்வளவு நேரம்?" என்றார். அது எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தூக்கப் பழகிவிட்டேன். திட்டும்போது லேசாகிறார், உண்மைதான். இன்று காலை திட்டவில்லை. மிகவும் கனமாக இருந்தார்.

நீ எப்போது வருவாய் என்று கேட்கத்தான் காகிதம் எடுத்தேன். உன் கட்டிலில் உட்கார்ந்து அந்த ஆல்பத்தைப் போட்டிருக்கிறேன். இடது காதில் மட்டும். மூன்றாவது பாட்டு ஓடுகிறது. சாக்ஸபோன்காரர் இப்போது நிறுத்திவிட்டார். பின்னால் அந்தத் தந்தி வாத்தியம் நடக்கிறது. இந்த இடத்தில் பியானோ வாசிக்கும் ஒவ்வொரு சுரமும் எனக்கு மனப்பாடம். ஒன்றும் கேட்கவில்லை. நீ சொன்னது சரிதான் அக்கா. யோசிக்கிறார். வெகுநேரம் யோசிக்கிறார். நானும் காத்திருக்கிறேன்.

உன்னிடம் கேட்க வந்தது

மணி அடிக்கிறது.